6-க்கு 8 அடி சமையலறை: கடன் வாங்காமல் சீரமைக்க முடியுமா? அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கவனிக்க வேண்டியவை

‘மாடுலர் கிச்சன்’ என்று யூடியூபில் தேடினால் வருவதெல்லாம் 12-க்கு 10 அடி அறை, நடுவில் ஒரு மேசை, கண்ணாடி போட்ட அலமாரி. அதைப் பார்த்துவிட்டு நம்ம வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. ஒரு மூலையில் சிலிண்டர், இன்னொரு மூலையில் தண்ணி டிரம், ஜன்னல் திட்டில் பருப்பு டப்பா. அருப்புக்கோட்டையில் தறி ஓடும் வீடானாலும் சரி, திருச்சுழி, நரிக்குடி பக்கத் தொகுப்பு வீடானாலும் சரி, பெரும்பாலும் கதை இதுதான்.

இந்தச் சின்ன அறையை எப்படிச் சீரமைப்பது, எதற்குச் செலவு செய்யலாம், எதற்குச் செய்யவே கூடாது? கரிசல் மண்ணும் உப்புத் தண்ணியும் உள்ள ஊருக்கு என்ன சரிவரும்? விரிவாகப் பார்க்கலாம்.

சமையலறை எவ்வளவு சின்னதாக இருக்கலாம்?

இந்தியாவின் தேசிய கட்டட விதித் தொகுப்பு இதற்கு ஓர் அளவு சொல்கிறது. சாப்பிட தனி இடம் உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர், அதாவது சுமார் 54 சதுர அடி இருக்க வேண்டும். அகலம் 1.8 மீட்டர், சுமார் 6 அடி. குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான இரண்டு அறை வீடு என்றால் 3.3 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 36 சதுர அடி போதும் என்று தளர்வு உண்டு. 6-க்கு 8 என்றால் 48 சதுர அடி. ஆக உங்கள் அடுப்படி ரொம்பச் சின்னது என்று நினைத்துக் கவலைப்பட வேண்டாம். இந்த நாட்டின் சராசரிக் குடும்பத்துக்கென யோசித்த அளவுகளுக்கு நடுவில்தான் அது நிற்கிறது.

அரசு கட்டித்தந்த வீடுகளையும் பாருங்கள். 2011-ல் தொடங்கிய சூரியசக்தி பசுமை வீடு மொத்தமே 300 சதுர அடி. அதற்குள் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, முன்தாழ்வாரம் எல்லாம் அடக்கம். 2024 பிப்ரவரி 19-ம் தேதி பட்ஜெட்டில் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தை அறிவித்தவர் அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு. அவர் அப்போது திருச்சுழி தொகுதியின் எம்.எல்.ஏ. என்பதால் இந்தப் பக்கம் அது கூடுதலாகவே பேசப்பட்டது. வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய், சமையலறையும் சேர்த்து 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. இப்படி ஒரு வீட்டில் சமையலறைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சின்ன சமையலறை என்றாலே குறையா? 100 வருஷத்துக்கு முன்னால் ஒரு பதில்

1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரம் தொழிலாளர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்தது. அதற்குச் சமையலறை வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற 29 வயது ஆஸ்திரியப் பெண். அகலம் 1.87 மீட்டர், நீளம் 3.44 மீட்டர். நம்ம கணக்கில் சுமார் 69 சதுர அடி. ரயிலில் உணவுப் பெட்டியின் சமையலறை எவ்வளவு குறுகலானது! அதிலேயே நூறு பேருக்குச் சமைக்க முடிகிறதே, வீட்டில் ஏன் முடியாது என்று அவர் யோசித்தார். ஒரு பெண் அடுப்பிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து அலமாரிக்கு எத்தனை தப்படி நடக்கிறார் என்பது வரை பார்த்தார். மாவு, அரிசி, சர்க்கரைக்கு இழுத்து எடுக்கும் அலுமினியப் பெட்டிகள் வைத்தார். இந்த வடிவில் சுமார் 10,000 சமையலறைகள் அங்கே பொருத்தப்பட்டன. இன்று மாடுலர் கிச்சன் என்று கடைகளில் விற்பதெல்லாம் இதன் பேரப்பிள்ளைகள்தான்.

இதில் ஒரு வேடிக்கை. அதுவரை தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தச் சமையலறை மீது வந்த முக்கியமான புகாரும் அதோடு சேர்ந்ததுதான்: ஒருத்தர் மட்டும் நின்று வேலை செய்யலாம், இன்னொருவர் உள்ளே வந்து கை கொடுக்க இடமில்லை. அளவெடுத்ததெல்லாம் சரி, சமைக்கிறவரிடம் முதலில் கேட்கணும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம்ம வீட்டில் இதை எப்படிச் செய்வது? ஒரு சாக்பீஸ் போதும். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன், சமைப்பவர் ஒரு நாள் காலைச் சமையலை வழக்கம்போலச் செய்யட்டும். எங்கே குனிகிறார், எதற்காக வெளியே போய் வருகிறார், எந்தப் பாத்திரத்தைத் தரையில் வைக்கிறார் என்று வீட்டில் ஒருவர் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அங்கே போய் மூன்று பக்கமும் மேடை கட்டினால் உட்கார இடமே இருக்காது.

கணக்கு இப்படி வரும். 6-க்கு 8 அறையில் ‘எல்’ வடிவ மேடை போட்டால், 2 அடி அகலத்தில், மேடை மட்டும் 24 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். தரையில் மிஞ்சுவது இன்னொரு 24. ஒரே நீளமாக 8 அடிச் சுவரை ஒட்டிப் போட்டால் மேடை 16 சதுர அடி, தரை 32. எதிர்ச் சுவரில் தண்ணிக்குத் தாழ்வாக ஒரு திட்டு போட்டுக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு இந்த இரண்டாவது முறைதான் பொருத்தம் என்பது என் கருத்து. காரணம், தண்ணி.

முதலில் தண்ணிக்கு இடம், பிறகுதான் அலமாரி

நகரத்து வடிவமைப்பாளர் போடும் எந்தப் படத்திலும் குடம் இருக்காது. குழாயைத் திறந்தால் தண்ணி வரும் என்பது அவர்கள் நினைப்பு. அருப்புக்கோட்டையில் தாமிரபரணித் தண்ணி முறை வைத்துத்தான் வருகிறது. கிராமங்களில் பொதுக்குழாய், இல்லையென்றால் வண்டியில் வரும் தண்ணி. அதனால் இங்கே சமையலறை என்பது பாதி தண்ணி அறை.

200 லிட்டர் டிரம் கிட்டத்தட்ட 2 அடி அகலம், 3 அடி உயரம். அது மேடைக்கு அடியில் நுழையாது. மேடை கட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்து, டிரம்மைப் படுக்கையறையில் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். டிரம் உள்ளே வேண்டுமென்றால் அதற்குரிய 2 அடியை மேடையின் நீளத்திலேயே விட்டுவிட்டு அளவெடுங்கள். குடங்கள் என்றால், எதிர்ச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில், ஓர் அடி உயரத்தில் கடப்பா கல் திட்டு போதும். குனிந்து தூக்குவது குறையும், அடியில் ஈரமும் தங்காது.

உப்புத் தண்ணி, நல்ல தண்ணி இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் வையுங்கள். பைப் போடும்போதே செய்தால் கூடுதல் செலவு கொஞ்சம்தான், பிறகு சுவரை உடைத்துச் செய்தால்தான் செலவு. போர்வெல் உப்புத் தண்ணிக்கு இரும்பு பைப் சீக்கிரம் அரித்துவிடும், பிளாஸ்டிக் பைப்பே நல்லது. பளபளக்கும் கறுப்பு கிரானைட்டில் அந்தத் தண்ணி காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் படியும். சாம்பல் நிறத்தில், புள்ளி புள்ளியாக இருக்கும் கல்லில் அது அவ்வளவாகத் தெரியாது.

சிங்க் தண்ணியை வீணாக்க வேண்டாம். வெளியே போகும் பைப்பை வாழை அல்லது முருங்கை இருக்கும் பக்கம் திருப்பிவிடலாம். இடையில் சோற்றுப் பருக்கை தங்க ஒரு சின்ன வடிகட்டித் தொட்டி மட்டும் வேண்டும். சிங்க் இருக்கும் இடத்தை முடிந்தவரை மாற்றாதீர்கள். இடம் மாற்றினால் சுவர் உடைப்பு, பைப், சரிவு, தரைப் பூச்சு என்று ஒன்று நான்காகும்.

சுவரில் வெடிப்பு இருந்தால் டைல்ஸ் ஒட்டாதீங்க

கரிசல் மண் மழையில் ஊறி உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கும். நிலத்தில் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிப்பதை இந்தப் பக்கம் எல்லோரும் பார்த்திருப்போம். அதே மண்ணின் மேல்தான் வீடும் நிற்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு பெரும்பாலும் அதனால் வருவதுதான். அதன் மேல் பட்டி பார்த்து, டைல்ஸ் ஒட்டி மறைத்தால் அடுத்த கோடையில் டைல்ஸும் சேர்ந்து வெடிக்கும்.

ஒரு எளிய சோதனை உண்டு. வெடிப்பு முடியும் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழியட்டும். கோட்டைத் தாண்டவில்லை, அகலமும் கூடவில்லை என்றால் கலவை வைத்து அடைத்துப் பூசலாம். தாண்டிப் போயிருந்தால், அல்லது வெடிப்புக்குள் நாணயம் நுழைகிறது என்றால், முதலில் ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். சமையலறைக்கு வைத்த பணம் அஸ்திவாரத்துக்குப் போனாலும் பரவாயில்லை.

வேலையை எப்போது தொடங்கலாம்? ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, தை, மாசியில் தொடங்குவது நல்லது. சுவர் காய்ந்திருக்கும், கண்மாயிலும் கிணற்றிலும் தண்ணி இருக்கும். சித்திரை வெயிலில் பூச்சு வேலை செய்து, அதற்கு ஊற்ற தண்ணியும் இல்லாமல் தவிப்பதைவிட இது மேல்.

மேடைக்கு எவ்வளவு சிமெண்ட் ஆகும் தெரியுமா?

‘கான்கிரீட் மேடை போட்டா செலவு ஜாஸ்தி’ என்று பொதுவாகச் சொல்வார்கள். 8 அடி நீளம், 2 அடி அகலம், 3 அங்குல கனம் என்றால் மொத்தம் 4 கன அடி கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் இதற்கு ஒரு மூட்டை சிமெண்டே போதும். சிமெண்டுக்கு நாம் தூரமாகப் போக வேண்டியதும் இல்லை, பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்லும் ஆர்.ஆர்.நகர் ஆலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆனால் ஒரு மூட்டை வேலையில் அதனால் பெரிய மிச்சம் வந்துவிடாது. மேடையில் செலவு என்பது சிமெண்ட் இல்லை. கம்பி கட்டும் கூலி, சென்டரிங், மேலே போடும் கல், இவைதான்.

இங்கே இன்னொரு முக்கியமான விஷயம். கலவைக்கு உப்புத் தண்ணி ஊற்றக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணியில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மீறினால் உள்ளே கம்பி துருப்பிடித்து, சில வருஷத்தில் கான்கிரீட் பெயர்ந்து விழும். சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கும். ‘குடிக்கவே தண்ணி இல்லை, இதுக்கு எங்கே போறது’ என்ற கேள்வி வரும். நியாயம்தான். ஆனால் ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தேவை 25 லிட்டர் தண்ணி. இரண்டு குடம்! அதை மட்டும் நல்ல தண்ணியாகக் கொடுத்துவிட்டு, ஊற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணி கூடக் கூட கலவை வேலைக்குச் சுலபமாக இருக்கும், பலம் குறையும்.

போட்ட பிறகு ஈரச் சாக்கு விரித்து குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கணும், வெயில் காலமென்றால் 14 நாள். குடம் குடமாக ஊற்றத் தேவையில்லை, சாக்கு நனைந்திருந்தால் போதும். இதில் கஞ்சத்தனம் பார்த்த மேடைதான் பிறகு பொடிப் பொடியாக உதிரும்.

மேடை உயரம்: கொத்தனாரிடம் விடாதீர்கள்

உயரம் சொல்லாவிட்டால் அவர் எல்லா வீட்டுக்கும் வைக்கும் உயரத்தையே உங்கள் வீட்டுக்கும் வைப்பார். சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். அந்த முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது, முதுகும் வளையாது. 5 அடி உயரமுள்ள ஒருவருக்கு இது சுமார் 32, 33 அங்குலம் வரும். அடுப்பு அதன் மேல் இன்னும் 4 அங்குலம் ஏறும், அதன் மேல் குக்கர். குக்கருக்குள் எட்டிப் பார்க்க நுனிக்காலில் நிற்கிற பெண்களை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதைத் தவிர்க்க அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 3 அங்குலம் தாழ்த்தலாம். ஒன்று, அந்தத் தாழ்ந்த பகுதிக்கு நேர் கீழே சிலிண்டரை வைக்காதீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு அடிக்கும் கொஞ்சம் அதிக உயரம், மேலே ரெகுலேட்டரும் குழாயும் மடங்காமல் இருக்க இடம் வேண்டும்.

மேடையின் மேல் எந்தக் கல்? கடப்பா கல் விலை குறைவு, ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. புளி, எலுமிச்சை, கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் எது பட்டாலும் வெளுக்கும். கிரானைட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் கண்ணுக்குத் தெரியும் மேல் பலகைக்கு கிரானைட், உள்ளே தட்டுகளுக்கும் குடத் திட்டுக்கும் கடப்பா. பணம் மிச்சமாகும் இடம் இதுதான்.

கேஸ்: இந்த ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம்

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையை ஒட்டி ஒரு காற்றுத் துளை வேண்டும், எலி வராமல் வலை அடித்துக்கொள்ளலாம். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்துதான் நிற்கணும், அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கணும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, சுவருக்குள் நுழைத்துக் கொண்டுபோகக் கூடாது. 5 வருஷத்துக்கு ஒரு முறை குழாயை மாற்ற வேண்டும், தேதி குழாயிலேயே அச்சாகியிருக்கும். இப்போதே ஒரு தடவை போய்ப் பாருங்களேன்.

என் அத்தை வீட்டில் நடந்தது இது. திருச்சுழி பக்கம். மகள் கல்யாணத்துக்கு முன் அவசர அவசரமாக அடுப்படியை மாற்றினார்கள். மேடைக்குக் கீழே முழுக்கக் கதவு போட்டு, சிலிண்டரை உள்ளே வைத்து மூடியாச்சு. பார்க்க அழகாக இருந்தது. ஒருநாள் காலையில் கதவைத் திறந்ததும் குப்பென்று வாடை. நல்லவேளை, அத்தை லைட் சுவிட்சைத் தொடவில்லை, பின்வாசலைத் திறந்துவிட்டு வெளியே போய்விட்டார். குழாயை உள்ளே எலி கடித்திருந்தது. இப்போது அந்த ஒரு கதவை மட்டும் கழற்றிப் பரணில் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேனையும்தான். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 எண்ணுக்கு அழையுங்கள். இது 24 மணி நேர அவசர எண்.

தறி வீடுகளுக்குக் கூடுதலாக ஒன்று. முன்கூடத்தில் தறி, அதை ஒட்டியே அடுப்படி என்றால் பஞ்சும் நூல் தூசியும் அடுப்பு வரை பறந்து வரும். நடுவில் கதவு இல்லாவிட்டால், மற்ற செலவுக்கெல்லாம் முன்னால் ஒரு கதவு போடுங்கள்.

விறகு அடுப்பை விட முடியாதா? வெளியே வையுங்கள்

2016 மே 1-ல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்துக்குப் பிறகு சிலிண்டர் இல்லாத வீடு குறைவு. ஆனால் சீமைக்கருவேலம் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் விறகு அடுப்பு முழுசாக அணைவதில்லை. வெந்நீர், மாட்டுக்குத் தவிடு காய்ச்ச, விசேஷத்துக்குப் பெரிய பானை என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். அதைக் கேலி பேசுவதில் அர்த்தமில்லை. புகை மட்டும் வீட்டுக்குள் வரக் கூடாது.

புகையில்லா அடுப்பு என்ற யோசனை புதிதல்ல. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு இதைப் பற்றி எழுதிய நூல் 1953-ல் சென்னையில் வெளியானது. 1983-ல் மத்திய அரசு இதை நாடு தழுவிய திட்டமாகவே ஆக்கியது, 2002-ல் கைவிட்டது. பல வீடுகளில் புகைபோக்கி கரி அடைத்துக்கொண்டதும் ஜனங்கள் அடுப்பை இடித்துவிட்டார்கள். புகைபோக்கி வைத்தால் அதைச் சுத்தம் செய்ய வழியும் வைக்கணும் என்பதுதான் அந்தத் திட்டம் விட்டுப்போன பாடம். பின்வாசலில் மூன்று பக்கம் அரைச்சுவர், மேலே தகரக் கூரை, இரண்டு கண் அடுப்பு, கூரைக்கு மேல் இரண்டு மூன்று அடி எழும் குழாய், அதைக் கழற்ற ஒரு இணைப்பு. உள்ளே இருக்கும் 48 சதுர அடிக்கும் அது பெரிய விடுதலை.

உள்ளே காற்றோட்டத்துக்கு என்ன செய்யலாம்? 10 அடி உயர அறையில் மொத்தம் 480 கன அடி காற்று. சாதாரண 8 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனே இதை மணிக்கு 20 தடவைக்கு மேல் மாற்றிவிடும். குழாய் இல்லாத, காற்றை வடிகட்டி உள்ளேயே விடும் வகை சிம்னி இவ்வளவு சின்ன அறைக்குத் தேவையே இல்லை, சூடு அப்படியே உள்ளே நிற்கும். ஜன்னல் வைக்க வசதியில்லாத சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடை போலக் கட்டலாம். கேரளத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகளில் இதுதான் அடையாளம். சட்டம், கம்பி, கண்ணாடி எதுவும் வேண்டாம்.

மின்சாரம்: ஒரே பிளக் பாயிண்ட் காலம் போய்விட்டது

பழைய தொகுப்பு வீடுகளில் அடுப்படிக்கு ஒரு லைட், ஒரு பிளக். 2011-க்குப் பிறகு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் வந்தது, பிறகு ஃபிரிட்ஜ், இப்போது இண்டக்‌ஷன் அடுப்பு. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில், மல்டி பின் வழியாக மாட்டினால் வயர் உருகும். 16 ஆம்பியர் பாயிண்ட் குறைந்தது ஒன்று, தனி வயரில், எர்த்தோடு வேண்டும். சிங்க்கிலிருந்து தள்ளி, மேடைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்கணும். வெளிச்சம் அறையின் நடுவில் மட்டும் இருந்தால் உங்கள் நிழலே காய் நறுக்கும் இடத்தில் விழும், பரணுக்கு அடியில் ஒரு சின்ன எல்.இ.டி. போதும்.

டைல்ஸ், அலமாரி: கடைக்குப் போகும் முன் இந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள்

விலை கடைக்குக் கடை மாறும், அளவு மாறாது. 8 அடி நேர் மேடைக்கு மேலே 2 அடி உயரத்துக்கும் இரு பக்கச் சுவரில் 2 அடி வரைக்கும் ஒட்ட 24 சதுர அடி டைல்ஸ். 2-க்கு 1 அடி அளவில் 12, உடைவதற்கும் வெட்டுவதற்கும் சேர்த்து 14. பெட்டிக்கு 5 என்றால் 3 பெட்டி. கூரை வரை ஒட்டச் சொல்லிக் கடையில் வற்புறுத்துவார்கள், எண்ணெய் தெறிப்பது அவ்வளவு உயரம் போகாது.

தரைக்கு 2-க்கு 2 அளவில் 12, சேதாரத்தோடு 14, வழுக்காத மேட் ரகம். பழைய சிவப்பு ஆக்சைடு தரை நன்றாக இருந்தால் தயவுசெய்து உடைக்காதீர்கள். அதைப் போடத் தெரிந்த ஆளே இப்போது கிடைப்பதில்லை.

அலமாரிக்கு பிளைவுட் என்றால் கறையான் பற்றி முதலில் யோசியுங்கள். தரை வரை பிளைவுட் இறங்கக் கூடாது. கடப்பா தட்டு, முன்னால் அலுமினியச் சட்டம் போட்ட கதவு, அதுவும் சிலிண்டர் பகுதியை விட்டுவிட்டு. கதவே இல்லாமல் ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் போடுவது இன்னும் நல்ல யோசனை.

பணம்: எதை முதலில், எதைப் பிறகு?

என் கணக்கு இது. கையில் 100 ரூபாய் இருந்தால் 60 ரூபாய் கண்ணுக்குத் தெரியாத வேலைக்குப் போகணும்: வெடிப்பு, கசிவு, வயரிங், பைப், மேடை. 25 ரூபாய் கல், டைல்ஸ், பெயிண்ட். 15 ரூபாயைத் தொடவே கூடாது, பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கதவுகள் அடுத்த வருஷம். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது, கதவில் தொடங்கி, வயரிங்குக்குக் காசில்லாமல் நிற்கும்.

இவ்வளவு சின்ன வேலையை மொத்தக் காண்ட்ராக்டாகக் கொடுப்பதா, நாள் சம்பளமா? உடைக்கும் வேலைக்கு நாள் சம்பளம், மேடையும் டைல்ஸும் காண்ட்ராக்ட் என்று பிரித்தால் இரண்டு பக்கமும் சண்டை வராது. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கடைசி 10 சதவீதத்தை, சிங்க்கில் தண்ணி நிரப்பித் திறந்துவிட்டு, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள்.

வீடே பழசாகிவிட்டதென்றால், 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024 ஜூனில் தமிழக அரசு ஒரு திட்டம் அறிவித்தது. 2.5 லட்சம் வீடுகள், 2,000 கோடி ரூபாய். உங்கள் வீடு அந்தப் பட்டியலில் வருமா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். கூரைக்கு அங்கிருந்து பணம் வந்தால் அடுப்படிக்கு உங்கள் பணம் மிஞ்சும்.

வாரத் தவணைக் கடனைப் பொறுத்தவரை, ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று 2022 முதல் ரிசர்வ் வங்கி நுண்கடன் நிறுவனங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. அது அவர்களுக்கான வரம்பு, உங்கள் குடும்பத்துக்கான அளவு இல்லை. ஏற்கெனவே ஒரு தவணை ஓடிக்கொண்டிருந்தால் மேடையும் வயரிங்கும் இந்தத் தையில், டைல்ஸ் அடுத்த தையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் இல்லாத சுவரில் ஒரு வருஷம் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்து வைத்தால் துடைத்துக்கொள்ளலாம், சமையல் நிற்காது.